பக்கத்து வீட்டில் கேளுங்கள்

1

போன வாரம் ஒரு பெண் என் வீட்டு இரும்புக் கதவைத் தட்டி, நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று மலாயில் கேட்டாள். யாரம்மா நீ என்று நான் தமிழில் திருப்பிக் கேட்டதும் அவளும் தமிழுக்கு மாறிக்கொண்டு, "பாட்டி, நான் சர்வே எடுக்க வந்திருக்கேன்" என்றாள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் முன்பின் தெரியாதவள் முதல் வார்த்தையிலேயே பாட்டி என்றால் சுருக்கென்று இருக்கத்தான் செய்கிறது. கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு கத்தைத் தாள். முகம் மட்டும் நல்ல களையான முகம், அதனால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மன்னார்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இடம் புரிய வேண்டும். நான் இருப்பது மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசா என்னும் பகுதியில். இங்கிருந்து கோலாலம்பூருக்கு இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. காலையில் இங்கே இட்லி தின்றவர்கள் அங்கே போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதனால் தலைநகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரே பெருநகரமாக எண்ணி, எந்தப் பேட்டையில் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள், எங்கே என்ன குறை என்று தெருத் தெருவாகத் தகவல் திரட்டுகிறார்களாம். நல்ல காரியம்தான். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டுக் கேட்டாள், போன மாசத்துல சாப்பாட்டுக்கு எதுவும் குறை இருந்துச்சா என்று.

"ஒண்ணும் இல்லலா. நல்லாத்தான் இருக்கோம்" என்றேன்.

லா என்பது இந்த ஊர்ப் பேச்சின் ஒட்டு, இருக்கோம் என்றது பழக்கதோஷம். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் மெல்போர்னில். அந்தப் பெண் தாளில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டாள், மிச்ச வீடுகளுக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படிக்குப் போய் இரண்டு பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அதுதான். தின்றுகொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரரும் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், அவருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி நம்மூர் இதழாசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள் நான். என் வீட்டுக்காரர் சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். டிரஸ்ஸர் என்றால் முழு டாக்டர் இல்லை, ஆனால் தோட்டத்தில் அவரை விட்டால் வேறு டாக்டரும் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பிரசவத்துக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர் பாடு. எங்களுக்கு மேட்டில் தனி வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, முன்னால் செம்பருத்தி. மன்னார்குடிக்கு எழுதிய கடிதங்களில் அதை நான் பங்களா என்றே எழுதியிருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். என் பங்களாவில் ஓர் அதிகாரி குடியேறினான். எங்களைக் கீழே லயத்தின் கடைசி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

லயம் என்பது தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒரே நீளக் கூரை, நடுநடுவே பலகைத் தடுப்பு. தடுப்பு கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்த இடைவெளி வழியாகப் புகை வரும், தாளிக்கிற வாசனை வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். நான் தும்மினால் பக்கத்து வீட்டு அஞ்சலை நூறு வயது என்பாள். அஞ்சலை பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். வந்த புதிதில் அவள் குரல் எனக்குப் பெரிய தலைவலி. மெதுவாகப் பேசத் தெரியாது. காதோடு ரகசியம் சொன்னால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

3

அந்தக் காலத்தைப் பற்றி அழுது எழுதுவதற்கு ஆயிரம் உண்டு, அழுதவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு ஏனோ சிரித்தது அதிகம் ஞாபகம் இருக்கிறது. விடிகாலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டில் எல்லாரும் ஜப்பான் பாஷையில் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று உத்தரவு. தண்டல்காரர் மாரிமுத்து, அதாவது வேலையாட்களை மேய்க்கிறவர், நான்கு வரைக்கும் கம்பீரமாகச் சொல்லிவிட்டு அதற்கு மேல் தெரியாமல் முருகா முருகா என்று முணுமுணுப்பார். எதிரே நின்ற சிப்பாய் அதையும் எண்ணிக்கை என்று நினைத்துத் தலையை ஆட்டுவான். குனிந்து கும்பிடாவிட்டால் அறை விழும் என்பதால் எங்கள் ஜனங்கள் சிப்பாய், சைக்கிள், சிப்பாய் ஓட்டிவந்த மாட்டுவண்டி எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தார்கள்.

அரிசிதான் இல்லாமல் போனது. எங்கே பார்த்தாலும் மரவள்ளி. மரவள்ளி அவியல், மரவள்ளி மாவு ரொட்டி, மரவள்ளி இலைக் கீரை. பிறகு அந்தக் கிழங்குக்கும் பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில் நான் பிள்ளைத்தாச்சி, தலைப்பிள்ளை. ஐந்தாம் மாதம் ஆகியும் என் வயிறு வெளியே தெரியவில்லை. அவர் தோட்டம் தோட்டமாக நடந்து போய் மருந்து கொடுக்கிறவர். நடக்கிற கால்களுக்குச் சோறு வேண்டும் என்று இருந்ததை அவருக்கே போட்டேன். நீ என்று கேட்பார். நான் அப்போதே அஞ்சலை வீட்டில் சாப்பிட்டாயிற்று, மீன் குழம்பு என்பேன். அவர் போன பிறகு வெறும் சட்டியில் கரண்டியை விட்டுச் சத்தமாகச் சுரண்டுவேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலைக்குக் கேட்க வேண்டும் அல்லவா. டிரஸ்ஸர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று லயத்தில் பேச்சு வந்தால் என் மானம் என்ன ஆவது? பங்களாவிலிருந்து இறங்கி வந்தவள் நான். ராத்திரியில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, குழந்தை அசைகிறதா என்று காத்துக் கிடப்பேன். பயமாக இருக்கும். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

4

சிரம்பான் பக்கத்துத் தெமியாங்கில் கடை வைத்திருந்த ஒரு செட்டியாரிடம் சில மூட்டை அரிசி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குக் கொடுக்க நினைத்தவர், எல்லா இடத்துக்கும் போய்வருகிற ஆள் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு பிடிகூடத் தேறாது, அதனால் உண்மையிலேயே அடுப்பு எரியாத வீடுகள் எவை என்று தெரிந்துகொண்டு வாருங்கள், அங்கே போகட்டும் என்றார்.

இவருக்கு ஒரே உற்சாகம். அரைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு லயம் லயமாகக் கிளம்பினார். கேள்வி ஒன்றுதான்.

"சாப்டாச்சா?"

நம்மவர்களிடம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஆச்சுங்கய்யா. ஒரு வீடு விடாமல் ஆச்சு. ஆச்சு என்று சொன்னதோடு விடாமல், நீங்க சாப்டாச்சாங்கய்யா என்று இவரைத் திருப்பிக் கேட்க, காலையிலிருந்து கடுங்காப்பியைத் தவிர ஒன்றும் குடிக்காத இவரும் ஆச்சு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். படித்த மனுஷன், தோட்டத்திலேயே கிடக்கிறவர், இப்படிக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வாரக் கடைசியில் செட்டியார் முன்னால் போய் நின்று, எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

செட்டியார் சிரிக்காமல், "அப்படின்னா இந்த அரிசி எங்க வீட்டுக்குத்தான் போகணும் போலயே, டிரஸ்ஸரே" என்றாராம்.

திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை சாப்டாச்சா என்று கேட்காமல், என்ன சாப்டீங்க என்று கேட்டார். அது இன்னும் மோசம். ஒரு வீட்டில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்றார்கள். இன்னொரு வீட்டில் கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், மோர். ஆறுமாதமாக அரிசியைக் கண்ணால் பார்க்காத ஒரு கிழவர் தன் தங்கச்சி கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டை இலை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, பாயசத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாராம். இவர் எச்சில் ஊறிப்போய் வீட்டுக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அரிசி தெமியாங்கிலேயே கிடந்தது. என் வயிற்றிலோ அசைவு குறைந்துகொண்டே வந்தது.

5

அடுத்த நாள் மேற்கு லயத்தில்தான் வழி திறந்தது. பாப்பாத்தி என்று ஒருத்தி. காலையில் இடியாப்பம் பிழிந்ததாக இவரிடம் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு மேலே இருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"ஏன்டி, முந்தாநேத்திலேர்ந்து ஒன் அடுப்பு எரியல. எதுல பிழிஞ்ச இடியாப்பத்த?"

பாப்பாத்தி விடுவாளா? நீ மட்டும் என்ன, பிள்ளைகளுக்குத் தண்ணியைக் கொதிக்க வைத்து, இதோ வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லித் தூங்க வைக்கிறவள்தானே என்று இவள் கத்த, அவள் பதிலுக்குக் கத்த, பத்து நிமிஷத்தில் இரண்டு வீட்டு உள்விவகாரமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் இவரிடம் திரும்பி, எனக்கு வேண்டாங்கய்யா, அவளுக்குக் குடுங்க என்றார்களாம். இவர் காதிலிருந்த பென்சிலை அப்போதுதான் எடுத்தார்.

அன்றிலிருந்து கேள்வி மாறிவிட்டது. எந்த வீட்டிலும் அந்த வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. பக்கத்து வீடு எப்படி என்று மட்டும் கேட்பார். அடடா, எங்கள் ஜனங்களுக்கு எவ்வளவு பேச்சு இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. யார் வீட்டில் அம்மி ஓய்ந்துவிட்டது, யார் வீட்டு நாய் அடுத்த வீட்டு வாசலுக்குக் குடிபோய்விட்டது, யார் எச்சில் இலை போடவே இல்லை, எல்லாம் வந்து கொட்டியது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்று ஒவ்வொருவரும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். ஊர்வம்பு என்று நான் மூக்கைச் சுளித்த அதே பேச்சுதான். அதற்குள் இவ்வளவு அக்கறை இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தோட்டமே ஒரு மாதிரி திருவிழாக் களை கட்டிவிட்டது.

எங்கள் லயத்துக்கு வந்தபோது என்னையும் கேட்டார். அஞ்சலையைப் பற்றி நான் உற்சாகமாக ஒப்பித்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அவள் ஈரத்துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போவது எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலைக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீடு உண்டு, அதில் ஒரு பக்கம் நாங்கள். மறு பக்கத்து வீட்டைப் பற்றி அவள் சொல்லி முடித்ததும் இவர் கிளம்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இந்தப் பக்கத்து வீட்டக் கேக்கலியே."

அது நம்ம வீடுதானே என்றார் இவர்.

"அதையும் எழுதுங்கய்யா" என்றாள் அஞ்சலை. அன்றைக்குத்தான் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டேன். "ஒங்க வீட்டம்மா தெனமும் வெறும் சட்டியச் சொரண்டுறாங்க. சோறு இருக்கிற சட்டிச் சத்தம் வேற, வெறும் சட்டிச் சத்தம் வேற. எங்க வீட்டுல சாப்டேன்னு ஒங்ககிட்ட சொல்றாங்களாமே, எங்க வீட்டுல நானே சாப்டலங்கய்யா. புள்ளத்தாச்சி. நீங்க ஊரெல்லாம் போயி கேக்குறீங்க."

அவர் திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றார். சாப்டாச்சா என்று கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று உடம்பே லேசாகிவிட்டது, அந்த நிம்மதியையும் சொல்லத்தான் வேண்டும்.

6

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அரிசியைப் பங்கு போடுகிறவன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது, அதனால் நம் வீட்டைச் சேர்க்க முடியாது என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தன் பங்கை எனக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினியாக நடப்பதாக முடிவு செய்திருந்தார். நடந்திருந்தால் எங்கேயாவது வழியில் விழுந்திருப்பார்.

மாட்டுவண்டியில் மூட்டைகள் வந்தன, மேலே மரவள்ளித் தழையைப் போட்டு மூடி. மேட்டு அதிகாரி அன்றைக்குச் சிரம்பானுக்குப் போயிருந்தான். லயத்து முற்றத்தில் பாயை விரித்து அரிசியைக் கொட்டினார்கள். அந்த வெள்ளையைப் பார்க்கப் பிள்ளைகள் பாயைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அளந்து போடும் வேலையை அஞ்சலை தானாகவே எடுத்துக்கொண்டாள். பால் டின்தான் படி. இவர் வீட்டைச் சொல்லச் சொல்ல அவள் அளந்தாள். இவர் முடிந்தது என்றார். அஞ்சலை டின்னைக் கீழே வைக்கவில்லை.

"முடியல. டிரஸ்ஸரு வூடு இருக்கு" என்றாள், வழக்கமான குரலில்.

இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நீங்க சும்மா இருங்கய்யா" என்றாள் அவள். "ஒங்க வூட்டப் பத்தி ஒங்களக் கேக்கக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே."

முற்றமே சிரித்தது. பாப்பாத்தி எழுந்து வந்து என் முந்தானையை விரித்துப் பிடித்தாள். அஞ்சலை குவித்து அளந்து போட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இவர் மட்டும் தலையைக் குனிந்து பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் லயம் முழுக்க ஒரே நேரத்தில் கஞ்சி கொதித்தது. அந்த வாசனை தடுப்புக்கு மேலே வீடு வீடாகப் போய்வந்தது. கூட ஒரு சத்தம், எல்லா வீட்டிலும் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம். சோறு இருக்கிற சட்டிச் சத்தம் வேறு என்று அஞ்சலை சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குத்தான் என் காதுக்கும் புரிந்தது. நான் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும் முன்பே வயிற்றுக்குள் ஓர் உதை. ஐயோ என்று கத்திவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலை, என்ன, ஒதைக்குதா என்று கேட்டாள்.

அந்தக் குழந்தைதான் அன்னலட்சுமி. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு அஞ்சலையின் புருஷன் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, முதல் வேலையாக அன்னலட்சுமியைத் தூக்கிக் கொஞ்சினார். என் மகள் இப்போது மெல்போர்னில் ஆன் என்ற பெயரோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். பேரன் பின்னாலிருந்து ஹலோ என்பதோடு சரி, அவனுக்குத் தமிழ் புரியாது. நான் ஆச்சு ஆச்சு என்பேன். அவள் நம்பிவிடுவாள். அங்கிருந்து அவளுக்கு என் சட்டிச் சத்தம் கேட்க வழியில்லை.

7

சொன்னபடி மறுநாள் அந்தச் சர்வேப் பெண் மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்குப் போகப் போனவளைக் கதவருகில் நிறுத்தி, நேற்று நான் சொன்னதை அடித்துவிடு, என்னைப் பற்றி அங்கே கேள் என்றேன். அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படிக் கேக்குறதுக்கு ஃபாரத்துல எடம் இல்ல பாட்டி" என்றாள். இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதிக்கொள் என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

பக்கத்து வீட்டில் இருப்பது ஆ மோய், சீனத்தி. என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான், இரண்டு பேருக்கும் அரைகுறை. காலையும் மாலையும் வேலி ஓரத்தில் பார்த்தால் மாக்கான் சுடா, அதாவது சாப்பிட்டாயா என்பாள். நான் சுடா, ஆயிற்று என்பேன். அவர்களுக்கும் அதுதான் வணக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் மாற்றிச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஆ மோய் ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபம்தான் இருந்தது. மாக்கான் சுடா என்று அவள் கேட்கவில்லை. என் ஜன்னலைக் காட்டி, மூக்கைத் தொட்டு, தலையை ஆட்டினாள். எத்தனையோ நாளாக இந்த வீட்டிலிருந்து சமையல் வாசனையே வரவில்லை என்கிறாள். பிறகு "போஹோங்" என்றாள். பொய் என்று அர்த்தம்.

பாத்திரத்தைத் திறந்தால் கஞ்சி. இஞ்சியை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவியிருந்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மேஜையில் வைத்து, இன்னும் சூடாக இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தேன். அவள் வேலியைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகவே இடித்தேன். அவளுக்கும் கேட்கட்டும்.